கலாவதியின் ரத்த அழுத்தம்

சென்ற வார இதழைப் பஜ்ஜிக்கு அடியில் எண்ணெய் உறிஞ்ச விரித்துவிட்டவர்களுக்காகச் சில வரிகள்.

பொன்னிக்கு இரண்டு கால்களும் சிறு வயதிலேயே போலியோவில் போனவை. இப்போது ஏழு மாதக் கர்ப்பம். கணவன் சிவபாலன் லாரியோடு சூரத் பக்கம் இருக்கிறான். அதனால் பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் கந்தன் வீட்டில் இருக்கிறாள். கந்தன் பட்டுத்தறிக்காரன், கோவில் உற்சவங்களில் சாமி தூக்குகிறவன். அவன் மனைவி கலாவதிக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆகிவிட்டதை அவள் மறந்துவிடாதபடி தெரு பார்த்துக்கொள்கிறது.

பொன்னி போகும் அரசுத் தாய்சேய் நல மையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது மாடியில். கீழே இருப்பது மருந்துக் கிடங்கும் சூப்பிரண்டெண்ட்டின் அறையும். முதல் தடவை அப்போதிருந்த காவலாளியும் டீக்கடைக்காரரும் பொன்னியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தூக்கிய கைகளில் ஒன்று தேவையில்லாத இடத்தில் இருந்தது. அடுத்த தடவை அவள் யாரையும் தொடவிடாமல், படிப்படியாக உட்கார்ந்தே ஏறினாள். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் போகச் சொன்னார்கள். டாக்டர் ஒரு வாட்டி இறங்கி வந்து பார்க்கக்கூடாதா என்று கேட்டாள். டாக்டர் இறங்கிவிட்டால் மேலே யார் இருப்பது என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கலாவதி அவளுக்குப் பதிலாக மேலே போக ஆரம்பித்தாள். நிலைமையைச் சொல்லி மாத்திரை வாங்கி வருவதுதான் திட்டம். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தவளின் கையில் பட்டையைச் சுற்றினார்கள். பொன்னியின் ரத்த அழுத்தம் என்று எழுதினார்கள். விரலில் குத்தி, பொன்னியின் ரத்தம் என்று எழுதினார்கள். கலாவதி வாயைத் திறப்பதற்குள் பெஞ்சில் இருந்த பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். "கொழந்த அசையுதாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளிடம் அப்படி யாரும் கேட்டதேயில்லை.

"அசையுது," என்று சொல்லிவிட்டாள்.

ஸ்கேன் மட்டும் வெளியே தனியாரிடம், கீழ்த்தளத்தில். அதற்குப் பொன்னியே போய் வந்தாள். மற்றதெல்லாம் கலாவதியின் உடம்பு. இது பொன்னிக்குத் தெரியாது. கந்தனுக்கும் தெரியாது.

இனி நடந்தது.

காலையில் எழுந்ததிலிருந்தே பொன்னி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. மோதிரம் விரலைவிட்டு வர மறுத்தது.

"தல வெடிக்கிற மாதிரி இருக்குது அண்ணி. கண்ணு முன்னாடி ஏதோ பூச்சி பறக்குது."

"போனப் பாத்துக்கினே இருந்தா பறக்காம இன்னா பண்ணும்?" கலாவதி கண்ணாடி முன் நின்று கொசுவத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். பச்சைப் பட்டு. தலை நிறைய மல்லி.

"செக்கப்புக்கு எதுக்கு அண்ணி பட்டு?"

"இன்னிக்கு மேல சமுதாய வளைகாப்பு. உன் பேரத்தான் கூப்புடுவாங்க. நான் அழுக்குப் பொடவையில போய் நின்னா உனக்குத்தான அசிங்கம்?"

"எனக்கு வளைகாப்பு. ஆனா நான் கீழ வண்டியில."

"வளையல் கொண்டாந்து குடுக்கறேன்ல. அப்புறம் இன்னா?"

பொன்னி அண்ணனைப் பார்த்தாள். கந்தன் தறிக்குழியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் உற்சவத்துக்குக் கட்டிய மஞ்சள் காப்பு.

"அண்ணா, ஒரு வாட்டி என்னத் தூக்கிக்கினு மேல போயேன். சாமிய நாலு வீதியும் தூக்கிக்கினு சுத்தற. இது ஒரு மாடிப்படி."

"காப்பு கட்டிக்கினு இருக்கறேன்மா. அது புள்ள பொறக்கற எடம். தீட்டு. கேட்டாண்ட வரைக்கும் வரேன். அதுக்கு மேல கேக்காத."

"போன மாசம் காப்பு இல்லியே."

"போன மாசம் முதுகு புடிச்சிக்கினு இருந்துச்சி."

"அதுக்கு முன்ன மாசம்?"

கந்தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெடுநேரம் துடைத்தான். துடைத்து முடித்தபோது கேள்வி பழசாகியிருந்தது.

பொன்னி தன் மூன்று சக்கர ஸ்கூட்டரை ஓட்ட, கலாவதி பின்னால் பட்டு கசங்காமல் உட்கார்ந்து வந்தாள். கந்தன் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்து, சொன்னபடி கேட்டுக்கு வெளியே நின்றான். அவன் சொன்ன சொல் தவறாதவன்.

ஏற வழி கேட்டுப் பொன்னி கொடுத்த மனுக்களுக்குப் பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. மையத்தின் வாசலில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். கைப்பிடி வெயிலில் பளபளத்தது. திறந்து வைத்தவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. சாய்தளம் நேராக அந்தக் கல் வரைக்கும் போனது. கல்லைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். கட்டடத்துக்குள் போக அங்கிருந்து படி ஏற வேண்டும். யாராவது பைக்கை நிறுத்திவிடுவார்கள் என்று கீழே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

சக்கர நாற்காலியும் இருந்தது. சூப்பிரண்டெண்ட் அறையில், கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு. பிரித்தால் அழுக்காகிவிடும். லிஃப்டும் இருந்தது. அதன் கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிரவில்லை. லிஃப்டை இயக்க ஆள் போடவில்லை. பூஜை போட ஆள் இருந்தது.

கலாவதி இறங்கி மேலே போனாள். பொன்னி வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திக் கண்ணை மூடினாள்.

"வண்டிய அந்தாண்ட எடும்மா," என்றார் காவலாளி வெங்கடேசன். "கவுன்சிலர் காரு வருது."

"நெழலு இங்கதான இருக்குது?"

"அதான் காரு இங்க நிக்கணும்."

பொன்னி வண்டியை வெயிலுக்கு எடுத்தாள்.

மேலே வளைகாப்புக்கு முன் வழக்கமான பரிசோதனை. நர்ஸ் ஏஞ்சல் இங்கே மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவளுக்குத் தெரிந்த பொன்னி கலாவதிதான். வந்த புதிதில் ஒருமுறை, "கார்டுல மாற்றுத்திறனாளின்னு போட்டிருக்கு, நீங்க நல்லாத்தான நடக்கறீங்க?" என்று கேட்டிருந்தாள். அன்றிலிருந்து கலாவதி மாடிப்படியின் கடைசிக் கட்டத்தில் நொண்ட ஆரம்பித்தாள். எந்தக் கால் என்பதில் மட்டும் மாதத்துக்கு மாதம் சிறு வேறுபாடு இருந்தது. ஏஞ்சல் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"நூத்திப்பத்துக்கு எழுவது. சூப்பர்மா," என்றாள் ஏஞ்சல். "எல்லாரும் உன்ன மாதிரி இருந்தா எனக்கு வேலையே கெடயாது. தலவலி, மயக்கம், கண்ணு மங்கறது?"

கலாவதி ஒரு கணம் யோசித்தாள். காலையில் பொன்னி சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் தலைவலி என்றால் மறுபடி பட்டையைச் சுற்றுவார்கள், டாக்டரிடம் அனுப்புவார்கள், வளைகாப்பில் பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்காது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்."

அவளைப் பொறுத்தவரை அது உண்மை.

வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், தென்னேரியிலிருந்து வந்தவள், கலாவதியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏழு மாசமா? வவுறே தெரியலியேக்கா."

"மொதக் கொழந்தன்னா அப்டித்தான்."

"அதுவும் சரிதான். பட்டு வேற தூக்கிக் காட்டுது."

காஞ்சிப் பட்டின் குணம் அது. உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் தானாக நிற்கும்.

சந்தனம் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். அங்கன்வாடிப் பெண்கள் இரண்டு கையிலும் வளையல் அடுக்கினார்கள். கலாவதியின் கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த கவுன்சிலர் பஞ்சாட்சரம் மைக்கைப் பிடித்தார்.

"லிஃப்ட் இல்ல, லிஃப்ட் இல்லன்னு மனு மேல மனு போடறாங்க. நான் கேக்கறேன். இந்தத் தங்கச்சி பொன்னியப் பாருங்க. ரெண்டு காலும் போலியோ. மாசா மாசம் இந்த மாடிப்படிய ஏறி வருது. யாராவது தூக்கிக்கினு வந்தாங்களா? இல்ல. இந்தத் தங்கச்சிக்குத் தன்னம்பிக்கைதான் லிஃப்ட்!"

கைதட்டினார்கள். தென்னேரிக்காரி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

'தன்னம்பிக்கைத் தாய்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். மேடைக்கு நடக்கும்போது கலாவதி நன்றாகவே நொண்டினாள். இரண்டு காலும் என்று கவுன்சிலர் சொல்லிவிட்டதால் இரண்டு காலிலும் நொண்ட வேண்டியிருந்தது. கொஞ்சம் சிரமம்தான். போட்டோகிராபர், "அப்டியே நில்லுங்கக்கா, சிரிங்க," என்றான்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. கலாவதி அதைக் காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

கீழே பொன்னி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். எழுத்துகள் தெரியவில்லை. கேட் பக்கம் திரும்பினாள். அங்கே மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ நின்றது. அண்ணனாக இருக்க வேண்டும்.

"அண்ணா!"

"இன்னாமா?"

"கண்ணு தெரியல அண்ணா."

"வெயிலு. மூடிக்கினு உக்காரு. இப்ப வந்துடுவா உங்க அண்ணி."

"வவுத்த வேற புடிச்சி இழுக்குது. நீ உள்ள வாயேன். மேல கூட போவ வேணாம். என் பக்கத்துல வந்து நில்லு."

"காப்பு..." என்றான் கந்தன்.

"டாக்டரையாவது கூப்புடு."

"டாக்டரம்மா!" என்று கந்தன் கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்தினான். சாமி புறப்பாட்டில் கூட்டத்தை விலக்கிப் பழகிய குரல். மேலே கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. "டாக்டரம்மா வருவாங்க," என்று தங்கைக்குத் தைரியம் சொன்னான்.

பொன்னியின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. பிறகு கை. பிறகு உடம்பு முழுவதும் உதறியது. ஸ்கூட்டரோடு சேர்ந்து உதறியது; கண்ணாடி இரண்டும் கிடுகிடுவென்று ஆடின.

கந்தன் ஒரு காலைக் கேட்டுக்குள் வைத்தான். காப்பைப் பார்த்தான். காலை வெளியே எடுத்தான்.

"பொன்னி! யாராவது வாங்கப்பா! பொன்னி!"

வெங்கடேசன் ஓடி வந்தார். அவளை வண்டியிலிருந்து இறக்கினார். படுக்க வைக்க இடம் தேடினார். சாவியை எடுத்துச் சங்கிலியைத் திறந்து சாய்தளத்தில் கிடத்தினார். கட்டித் திறந்து வைத்த நாளிலிருந்து முதல்முறையாக ஒரு மாற்றுத்திறனாளி அதைப் பயன்படுத்தினாள்.

ஏஞ்சலைப் போலவே புதிதாக மாற்றலாகி வந்த டாக்டர் அகிலா படியிறங்கி ஓடி வந்தாள். பின்னாலேயே ஏஞ்சல். பின்னால் வளையலும் பொன்னாடையுமாகக் கலாவதி. அவள் நொண்டவில்லை. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

"யாரு இவங்க?"

"கீழ வண்டியிலயே உக்காந்துக்கினு இருக்குமே, அந்தம்மா," என்றார் வெங்கடேசன். அவருக்குத் தெரிந்தது வண்டி மட்டும்தான்.

டாக்டர் வயிற்றைப் பார்த்தாள். "கர்ப்பமா இருக்காங்க. நம்மகிட்ட பதிஞ்சிருக்கா ஏஞ்சல்?"

"நான் பாத்ததே இல்ல மேடம்."

கேட்டுக்கு வெளியிலிருந்து கந்தன், "பொன்னி! பொன்னி!" என்று அலறிக்கொண்டிருந்தான்.

ஏஞ்சல் கலாவதியைத் தொட்டாள். "உங்களத்தான் கூப்புடறாரு பாருங்க. ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்க, பயந்துட்டாரு போல."

கலாவதி மேலே பார்த்தாள். மாடி வராந்தாவில் கர்ப்பிணிகள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். தென்னேரிக்காரி முன்னால் நின்றாள். கவுன்சிலர் நின்றார். போட்டோகிராபர் நின்றான், கேமராவோடு.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" டாக்டர் கலாவதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாத்தனாரு."

"பேரு?"

இங்கே கலாவதிக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் வராந்தாவில் நிற்கிற எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெஞ்சில் இனி உட்கார முடியாது.

"சொல்லுங்கம்மா, பேரு இன்னா?" ஏஞ்சல் அதட்டினாள்.

"கலாவதி," என்றாள் கலாவதி.

வாயில் முதலில் வந்த பெயர். அவளுடைய சொந்தப் பெயர்தான். அவள் யாருடையதையும் எடுக்கவில்லை. கொடுத்தாள்.

"எங்க செக்கப் பண்றாங்க?"

"எங்கயும் இல்ல."

டாக்டரின் முகம் சிவந்தது. "ஏழு மாசம்! நீங்க மாசா மாசம் இங்க வர்றீங்க. உங்க காலு முடியாமயே மேல ஏறி வர்றீங்க. வீட்ல இன்னொரு கர்ப்பிணி இருக்காங்க, அவங்கள வண்டியிலயே உக்கார வச்சிட்டு நீங்க மட்டும் வளையல் போட்டுக்கிட்டீங்களா? மனுஷங்களாம்மா நீங்க?"

"தப்புதாங்க," என்றாள் கலாவதி. அன்று அவள் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

டாக்டர் பொன்னியின் சேலையை விலக்கிக் காலைப் பார்த்தாள். "இவங்களுக்கும் போலியோவா?"

"குடும்பத்துலயே இருக்கும்போல மேடம்," என்றாள் ஏஞ்சல்.

"பிபி பாருங்க. சீக்கிரம்."

ஏஞ்சல் மேலே ஓடி மெஷினைக் கொண்டுவந்தாள். பொன்னியின் கையில் அவள் பட்டையைச் சுற்றுவது இதுவே முதல்முறை. அளவைப் பார்த்துத் திகைத்தாள். "நூத்தித் தொண்ணூறுக்கு மேல காட்டுது மேடம். மெஷினு ரிப்பேரா? மேல நல்லாத்தான இருந்துச்சி."

மெஷினில் கோளாறு இல்லை. டாக்டர் அங்கேயே ஊசி போட்டாள். உதறல் மெல்ல அடங்கியது.

ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொன்னி என்று கலாவதி உண்மையைச் சொல்லியிருந்தால், அரை மணிக்கு முன் எழுதிய நூற்றுப்பத்துக்கு எழுபதை ஏஞ்சல் வாசித்திருப்பாள். ரத்த அழுத்தம் நார்மல், இது வேறு ஏதோ வலிப்பு என்று வேறு வரிசைக்கு அனுப்பியிருப்பார்கள். பொய் சொன்னதால் பொன்னி பிழைத்தாள். அதனால் கலாவதியைக் கெட்டவள் என்று சொல்ல வாசகர்கள் அவசரப்பட வேண்டாம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னிக்கே கொழந்தைய எடுக்க வேண்டியிருக்கும்," என்றாள் டாக்டர். "இல்லன்னா ரெண்டு பேரும் மிஞ்ச மாட்டாங்க. பேரு கலாவதின்னு எழுதி அனுப்புங்க ஏஞ்சல். புருஷன் கூடப் போகணும், வரச் சொல்லுங்க."

கலாவதி அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் கேட்டாள். கலாவதியின் குழந்தையை இன்று எடுக்கப் போகிறார்கள்.

ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. வேப்பமர நிழலில் கவுன்சிலரின் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்ட்ரெச்சரை மண்ணில் தள்ளிக்கொண்டு கேட் வரை வந்தார்கள். கலாவதி கூடவே நடந்தாள். ஏஞ்சலும் டாக்டரும் மேலே வரிசையைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஊழியர் சீட்டைப் பார்த்து உரக்கக் கேட்டார். "கலாவதி வூட்டுக்காரர் யாருப்பா?"

"நான்தாம்பா," என்று கந்தன் காப்புக் கையைத் தூக்கினான்.

"ஏறுங்க, சீக்கிரம்."

"நான் எதுக்குப்பா? காப்பு கட்டிக்கினு இருக்கறேன். அந்த எடத்துக்கு வரக்கூடாது."

ஊழியர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாய்யா ஆளு நீ? உன் பொண்டாட்டி வவுத்துல புள்ளையோட சாவக் கெடக்குது. காப்பு, கீப்புன்னு."

"பொண்டாட்டியா?"

கந்தன் ஸ்ட்ரெச்சரில் கிடந்த தங்கையைப் பார்த்தான். பக்கத்தில் இரண்டு கையிலும் வளையலோடு, தோளில் பொன்னாடையோடு நின்ற மனைவியைப் பார்த்தான். கலாவதி அவன் கண்ணை நேராகப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

கந்தன் வாயைத் திறந்தான். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெடுநேரம் துடைத்தான்.

ஸ்ட்ரெச்சரை உள்ளே ஏற்றும்போது பொன்னியின் கண்கள் பாதி திறந்தன. உதடு வறண்டிருந்தது. மஞ்சள் நிறமாகத் தெரிந்த பக்கம் கையை நீட்டினாள்.

"அண்ணா... அண்ணா..."

ஊழியர் உச்சுக் கொட்டினார். "பாவம், நெனவே இல்ல. புருஷனப் போயி அண்ணான்னு கூப்புடுது."

கலாவதி பட்டுக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். நீட்டியிருந்த பொன்னியின் கையைப் பிடித்து, மெதுவாக மடக்கி, அவள் வயிற்றின் மேல் வைத்தாள். தன் கையையும் அதன் மேல் வைத்தாள். உள்ளே அசைந்தது.

"ஆமாங்க," என்றாள் ஊழியரிடம். "காலையிலேர்ந்தே இப்டித்தான் ஒளறிக்கினு இருக்குது. நீங்க கதவ மூடுங்க."